டவுன் நூலகத்தில் நம்ம பிள்ளைக்கும் ஒரு இடம்

(ஒக்டோபர் வாசிப்பு மாதத்தையொட்டித் தோட்டத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)

 

காலையிலிருந்து மலையில் நின்ற கால்களோடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேச மாட்டோம். டவுனில் பிரதேச சபை நடத்துகிற பொது நூலகம் இருக்கிறது. சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறோம். உள்ளே போன பிள்ளைகள் கை தூக்குங்கள் பார்ப்போம். நாலு கை தெரிகிறது. பின்னுக்கு ஒன்றும் இல்லை. அதைப்பற்றித்தான் பேச வந்தோம்.

ஏன் போவதில்லை என்று காம்பரா காம்பராவாகக் கேட்டோம். "அது டவுன்காரங்களுக்கு, வரி கட்டுறவங்களுக்கு ஐயா. நாம லயத்து ஆளுக" என்றார்கள். இந்த எண்ணம் சும்மா வந்ததல்ல. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள்ளே சபை தன் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. நூலகத்துக்கு வராதே என்று அந்தச் சட்டம் யாரையும் சொல்லவில்லை. ஆனால் சபை என்பது நமக்கில்லை என்ற நினைப்பு அதோடு சேர்ந்து ஊறிப்போனது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த சபைகள் ஆறாகப் பிரிந்து அதே வருடம் தேர்தலும் நடந்தது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோட்டையும் தண்ணியையும் கேட்கிறோம். இந்த வருடம் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் எத்தனை வாங்கினீர்கள் என்றும் கேட்போமே!

அடுத்த தடங்கல் விண்ணப்பப் படிவம். அதில் பிணை ஒப்பம் என்று ஒரு இடம் இருக்கும். அதைப் பார்த்ததும் கடன் பத்திரம் போல பயம் வந்துவிடுகிறது. புத்தகம் தொலைந்தால் பொறுப்பெடுக்க ஒரு பெரியவர் வேண்டும், அவ்வளவுதான். யார் ஒப்பம் வைக்கலாம் என்பது சபைக்குச் சபை வேறுபடும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அப்பா அம்மாவின் ஒப்பமும் அதிபரின் ஒப்பமும் போதும் என்கிற இடமும் உண்டு. வரி கட்டுகிறவர்தான் வேண்டும் என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிடாமல் எங்களிடம் வாருங்கள். முகவரியையும் முழுசாக எழுத வேண்டும். ஒரு பிள்ளை தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்ததால் படிவம் திரும்பி வந்தது. லய இலக்கம், பிரிவு, தோட்டம், தபாலகம் எல்லாம் எழுதி மறுபடி கொடுத்தாள். அட்டை கிடைத்தது.

தண்டப்பணத்துக்குப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும் தேதி புத்தகத்திலேயே குத்தியிருக்கும். அந்தத் தேதியை லயத்துக் கலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். நம்ம மழைதான் பெரிய எதிரி. நீங்கள் இடுப்பில் படங்கு கட்டாமல் கொழுந்துக்குப் போவதில்லை. புத்தகத்துக்கும் ஒரு படங்கு வேண்டும், ஒரு பொலித்தீன் பை போதும். அடுப்படிச் சுவர்ப்பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

"கதைப் புத்தகம் படிச்சா சோறு வருமா ஐயா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்குக் கேள்வியை வாசித்து விளங்கிக்கொள்வதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கதை வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அந்தச் சிரமம் குறைவு. அங்கத்துவ அட்டை இல்லாதவர்களும் வாசிகசாலைப் பகுதியில் உட்கார்ந்து பத்திரிகை பார்க்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியில்தான் அரச வேலைக்கான அறிவித்தல்கள் வருகின்றன. அதைத் தேடிப் பார்க்காததால், விண்ணப்பத் திகதி முடிந்த பிறகு ஓடி வருகிற பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். இதெல்லாம் போக, எழுத்துத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி இரவில் கதை வாசித்துக் காட்டுகிற ஒரு காம்பராவை எங்களுக்குத் தெரியும். பாட்டி நித்திரை கொள்ளாமல் "அப்புறம்?" என்று கேட்கிறாராம்.

இனி பின்னுக்கு நிற்கிற பெரிய பிள்ளைகளுக்கு. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறீர்கள். அந்த இடைவெளியில்தான் கொழும்புக் கடைக்கு ஆள் சேர்க்கிறவர் லயத்துக்கு வருகிறார். போன பிள்ளை பெறுபேறு நல்லதாக வந்தாலும் உயர்தரத்துக்குத் திரும்புவதில்லை. இதை நாங்கள் வருடா வருடம் பார்த்து மனம் நொந்திருக்கிறோம். அந்த மாதங்களில் கிழமைக்கு இரண்டு நாள் நூலகத்தில் தொண்டு வேலை செய்யக் கேளுங்கள். காசு கிடைக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

கிடைப்பது தொழில் பழக்கம். திரும்பி வந்த புத்தகங்களை இலக்கப்படி ராக்கையில் அடுக்குவது முதல் வேலை. தூயி தசம வகுப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. உலகத்து விஷயம் எல்லாவற்றையும் பத்துப் பெரிய வகுப்பாகப் பிரித்து இலக்கம் போட்டிருக்கிறார்கள். 500 விஞ்ஞானம், 800 இலக்கியம். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நம்ம தேயிலைக்கும் ஒரு இலக்கம் உண்டு: 633.72. நூறு புத்தகம் அடுக்கி முடிக்கும்போது அந்த முறை கைக்கு வந்துவிடும். கிழிந்த ஏட்டை ஒட்டுவது, உறை போடுவது, பூஞ்சணம் பிடித்ததை வெயில் காணும் நாளில் துடைத்து வைப்பது என்று வேலைக்குக் குறைவில்லை. பிடித்துப்போனால் இலங்கை நூலகச் சங்கம் நடத்தும் நூலகவியல் டிப்ளோமாவைப் பற்றி நூலகரிடமே விசாரியுங்கள். செய்த வேலைக்கு அவரிடம் ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். நேர்முகப் பரீட்சைக்கு உதவும்.

டவுனுக்குப் போக முடியாத சின்னதுகளுக்காக இன்னொன்று யோசித்திருக்கிறோம். பிள்ளைக் காம்பராவில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் நீங்கள் கதை வாசிக்க வேண்டும். ஒரு பெட்டிப் புத்தகமும் அங்கே இருக்க வேண்டும். பெட்டி என்று சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்து இரவல் கொடுத்த புத்தகங்களிலிருந்துதான் ஆரம்பித்தது. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே சுமார் 97,000 புத்தகங்கள் இருந்தன.

நூலகத்துக்கு நாம் கொடுக்கக்கூடியதும் உண்டு. பூண்டுலோயா மடகும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் பாராளுமன்றம் போனவர். அவரே நம்ம ஆட்களின் நாட்டார் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து எழுதினார். உங்கள் பாட்டிமார் வாயில் இன்னும் பாட்டு இருக்கிறது. கொப்பியில் எழுதுங்கள். யார் பாடியது, எந்தப் பிரிவு, என்ன தேதி என்று கீழே போடுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் யோசிப்பது எங்களுக்கு விளங்குகிறது. தனியாக வேண்டாம், இரண்டு மூன்று பேராக ஒரே நாளில் போகட்டும். பின்னேர பஸ்ஸில் இருட்டுக்கு முன் வந்துவிட வேண்டும். போகும் நாளையும் வரும் நேரத்தையும் எழுதி எங்களிடம் ஒரு துண்டு கொடுங்கள். ஆனால் அண்ணன் போகலாம், தங்கச்சி அடுப்படியைப் பார்க்கட்டும் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

படிவங்களை நூலகத்திலிருந்து வாங்கி வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை நலன்புரி அறைக்கு வாருங்கள், கூட இருந்து நிரப்புவோம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் உங்கள் அடையாள அட்டையையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகள் இப்போதே போய்விட வேண்டாம், தேத்தண்ணி வருகிறது.