வழியையும் எழுதியவர்



பள்ளி நாட்களில் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பூவை நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவாகத்தான் இருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது கவிதையைப் பற்றி அல்ல. அதே பூக்களை அதே நேரத்தில், அவர் பக்கத்திலேயே நடந்தபடி பார்த்த தங்கை டரோத்தி எழுதிய நாட்குறிப்பைப் பற்றி. நாட்குறிப்பெல்லாம் ஒரு கலையா என்று யாராவது கேட்டால், இந்த ஒரு நாள் பதிவைத்தான் எடுத்து நீட்டுவேன்.

நாள், 1802 ஏப்ரல் 15. இடம், வடமேற்கு இங்கிலாந்தின் மலைநாட்டில் இருக்கும் அல்ஸ்வாட்டர் ஏரி. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளம். இங்கிலாந்தில் விண்டர்மியருக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். அதன் வடகோடியில், அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய தாமஸ் கிளார்க்சனின் வீட்டில் தங்கியிருந்த அண்ணனும் தங்கையும், சாப்பாட்டுக்குப் பிறகு கிராஸ்மியரில் இருந்த தங்கள் வீட்டுக்குக் கால்நடையாகக் கிளம்புகிறார்கள். திருமதி கிளார்க்சன் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். காற்று அப்படி. இவர்களுக்குமே திரும்பிவிடலாமா என்ற யோசனை வருகிறது. படகுக் கொட்டகையில் ஒதுங்குகிறார்கள். பிறகு ஒரு முட்புதர் மறைவில். மூச்சைப் பிடுங்குகிற காற்று என்று குறித்து வைக்கிறார் டரோத்தி. ஏரி கொந்தளிக்கிறது. விரிகுடா நடுவில் ஒரு படகு ஆளில்லாமல் தானாக மிதக்கிறது.

ஏப்ரல் பாதி கடந்தும் அந்தப் பக்கம் வசந்தம் அப்போதுதான் தலைகாட்டுகிறது. முள்வேலிச் செடிகளில் பாதி கறுப்பு, பாதி பச்சை. பூர்ச்ச மரத்தில் பச்சை தொடங்கிவிட்டது, ஆனால் குச்சிகளில் இன்னும் ஊதா நிறம் போகவில்லை. வயலில் ஏர் ஓடுகிறது. சாலையோரத்தில் ஐந்தாறு வகைச் சிறு பூக்கள். அவற்றில் வாசனை இல்லாத வயலட்டும் உண்டு. வாசனை இல்லை என்று எழுத வேண்டுமானால், அந்தக் காற்றில் ஒருவர் குனிந்து முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பதிவில் மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று.

டாஃபடில் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. அதுவும் மொத்தமாக வந்து நிற்பதில்லை. கௌபரோ பூங்காவைத் தாண்டிய மரக்கூட்டத்தில், தண்ணீர் ஓரமாக முதலில் சில பூக்கள். ஏரிதான் விதைகளை மிதக்கவிட்டுக் கரையேற்றியிருக்குமோ என்று அவர்களுக்கு ஒரு ஊகம். நடக்க நடக்க இன்னும் சில. இன்னும் நடந்தால் கரை நெடுக, சுங்கச் சாலை அளவு அகலத்துக்கு ஒரே பட்டையாகப் பூ. பாசி படிந்த கற்களுக்கு நடுவே சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லையே தலையணையாக்கிச் சாய்ந்திருக்க, மற்றவை ஏரியைக் கடந்து வரும் காற்றில் தள்ளாடிச் சிரித்து ஆடுகின்றன. சற்று மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய பூக்களையும் அவர் விடவில்லை. அந்தப் பெரும் பட்டையின் ஒருமையைக் கெடுக்காத அளவுக்குத்தான் அவை இருந்தன என்கிறார். ஒரு ஓவியரின் கண் என்று இதைத்தான் சொல்வேன். எது நிறைய, எது கொஞ்சம், கொஞ்சமாக இருப்பது நிறைய இருப்பதை என்ன செய்கிறது என்று பார்க்கிற கண்.

அண்ணன் இதைக் கவிதையாக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 1804இல் எழுதி 1807இல் வெளியிட்டார். 1815இல் பூக்களை விண்மீன்களோடு ஒப்பிடும் பத்தியைச் சேர்த்தார். கவிதையில் அவர் தனியாகத் திரிகிறார். தங்கை இல்லை. மூச்சைப் பிடுங்கிய காற்று இளங்காற்றாகிவிட்டது. பூக்கள் ஒரே பார்வையில் பத்தாயிரம். இதைத் திருட்டு என்றோ பொய் என்றோ சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. கவிதைக்கு அந்தத் தனிமை வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டது. அந்தத் தனிமைக் கவிதையின் மிகச் சிறந்த இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை என்று வில்லியமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார் என்பது வேறு கதை.

ஆனால் ஒன்று. பத்தாயிரம் என்பது நின்று பார்த்தவர் சொல்லும் கணக்கு. சாலை அகலம் என்பது நடந்து வந்தவர் சொல்லும் அளவு. டரோத்தியின் பதிவைப் படிக்கும்போது பூக்கள் நம் கண்முன்னே பெருகிக்கொண்டே போகின்றன, ஏனென்றால் அவர் தான் கண்ட வரிசையைக் கலைக்கவில்லை. முடிவு தெரிந்துவிட்ட பிறகும் முதல் நாலு பூவை நாலு பூவாகவே விட்டுவைக்கிறார். இது எளிதில் கைவராது. வேண்டுமானால் நேற்றுப் போய்வந்த ஒரு பயணத்தை எழுதிப் பாருங்கள், உச்சக்காட்சி முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பூக்கள் முடிந்ததும் பதிவு முடிந்துவிடவில்லை என்பது இன்னும் அழகு. மழை பிடித்துக்கொள்கிறது. விரிகுடாக்களில் அலைச் சத்தம் கடல் மாதிரிக் கேட்கிறது. நனைந்தபடி வழியில் தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். நல்லவேளையாக அங்கே எல்லாம் உற்சாகமின்றி இருண்டு கிடந்ததால் புயலுக்குள்ளேயே நடையைக் கட்டினோம் என்கிறார் டரோத்தி. அந்த 'நல்லவேளை'யில் இருக்கும் குறும்பைக் கவனியுங்கள். பேட்டர்டேல் விடுதியில் உலர்ந்த உடுப்பு. விடுதிக்காரம்மாவுக்குக் கடுகடுத்த முகம், ஆனால் அவர் சுபாவமே அப்படித்தான். பன்றித்தொடை இறைச்சியும் உருளைக்கிழங்கும் பிரமாதம். கட்டணம் ஏழு ஷில்லிங். வில்லியம் நல்ல கணப்பின் அருகே உட்கார்ந்து, ஜன்னல் மூலையில் இருந்த புத்தகங்களைக் குடைந்து காங்கிரீவின் நாடகத் தொகுதியில் உதிரியாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். இருவரும் வெந்நீர் கலந்த ரம் குடிக்கிறார்கள்.

டரோத்தி 1855இல் இறந்தார். வில்லியம் நைட் என்பவர் தொகுத்து 1897இல் நாட்குறிப்புகளை அச்சேற்றியபோது, அன்றாடச் சில்லறை விஷயங்கள் எதற்கு என்று பலவற்றை வெட்டினார். சட்டை தைத்ததையும் முட்டை தேடிப்போனதையும் யார் படிக்கப்போகிறார்கள் என்பது அவர் நினைப்பு. நல்ல எண்ணம்தான்; ஆனால் பிழையான தீர்ப்பு. ஏழு ஷில்லிங்கும் கடுகடுப்பும் அதே பக்கத்தில் இருப்பதால்தானே கல்லில் தலைசாய்த்த பூவை நாம் நம்புகிறோம்? அலங்காரமாக மட்டும் எழுதியிருந்தால் அது இன்னொரு பூ வர்ணனையாகப் போயிருக்கும். பின்னால் வந்த பதிப்பாளர்கள் வெட்டியதை மீட்டுச் சேர்த்தார்கள்.

பூக்களைக் கண்ட மறுநாள் புனித வெள்ளி. வழியில் பிரதர்ஸ் வாட்டர் என்ற சிறு ஏரியின் பாலத்தருகே வில்லியம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார், டாஃபடிலைப் பற்றி அல்ல. சேவல், மாடு, உழவு என்று கண்ணெதிரே இருந்த காலையைப் பற்றி. அச்சில் அதற்கு அவர் வைத்த தலைப்பு, மார்ச் மாதத்தில் எழுதியது என்கிறது. தங்கையின் நோட்டில் தேதி ஏப்ரல் 16.