காவல் நீங்கிய கணினி

மூணாற்றிலிருந்து போடிக்கு இறங்கும் மலைச்சாலையை நம்மவர் பலரும் அறிவர். ஆண்டுதோறும் மழை அதனை அரிக்கிறது. ஆண்டுதோறும் ஆட்கள் வந்து செப்பனிடுகின்றனர். செப்பனிடுவோர் வரவு நின்றுவிட்டால் மறுநாளே சாலை மறைந்துவிடாது. வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆயினும் அடுத்த மழையில் விழும் பள்ளத்தை மூட எவரும் இரார். கணினியின் இயக்குதளத்திற்கு ஆதரவு முடிகிறது என்பதன் பொருளும் இதுவே.

கணினியின் உறுப்புகளை ஒருங்கே நடத்தும் அடிப்படை நிரலே இயக்குதளம். மனிதர் எழுதியதாதலின் அதில் பிழைகள் உண்டு. பிழை வெளிப்படுந்தோறும் ஆக்கியோர் திருத்தம் அனுப்புவர். குறித்த நாளுக்குப்பின் அது நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் பொது ஆதரவு முடிந்தது.

இதனால் நமக்கு என்ன கேடு என்று சிலர் வினவலாம். 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் நூற்றைம்பது நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தடுமாறின. அதே வாரத்தில் நம் பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகத்துக் கணினிகள் சிலவும், வயநாட்டுத் தரியோடு ஊராட்சியின் கணினிகளும் அதற்கு இரையாயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. வந்த திருத்தத்தை ஏற்காத கணினிகள் மிகப்பல. ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கோ, தாக்குதல் நிகழ்ந்த பின்னரே விதிவிலக்காகத் திருத்தம் தரப்பட்டது.

எல்லைப்புறத் தமிழராகிய நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. கொழிஞ்சாம்பாறையிலும் வண்டிப்பெரியாற்றிலும் ஓய்வூதிய விண்ணப்பமும் சாதிச் சான்றும் கணினி வழியேதான் செல்கின்றன. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவரின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் ஏதோ ஒரு கடையின் பழைய கணினியில் கிடக்கக்கூடும். அக்கணினிக்குக் காவல் உண்டா என்பதை அவர் அறியார். அறிந்திருக்க வேண்டியவர் கடைக்காரரே.

அப்படியாயின் பழைய கணினிகளையெல்லாம் எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் நன்கு இயங்கும். கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளையே கையாளுகின்றன. 'கைட்' நிறுவனம் 2024-இல் உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பொன்றைப் பள்ளிகளுக்கென வெளியிட்டது. நம் பிள்ளைகள் வகுப்பில் பயிலும் அதனை வீட்டிலும் கடையிலும் அமைத்துக்கொள்ளத் தடையேதுமில்லை. அதற்கும் ஆதரவுக் காலம் ஒன்று உண்டு என்பது மெய்யே. ஆனால் அடுத்த பதிப்புக்கு உரிமக் கட்டணம் கேட்பார் இல்லை.

மாற்ற இயலாத நிலையில் உள்ளோர் பழைய கணினியை இணையத்தினின்றும் விலக்கி வைப்பது நலம். முக்கியக் கோப்புகளைத் தனி வட்டில் படியெடுத்து, அவ்வட்டைக் கணினியினின்று கழற்றி வைத்தல் யாவர்க்கும் இன்றியமையாதது. ஓடுகிறதே என்னும் ஒன்றையே நம்பியிராமல், இதற்கு இன்னும் திருத்தம் வருகிறதா என்று ஆண்டுக்கொருமுறையேனும் கேட்போமாக. பிறருடைய ஆவணங்களைத் தம் கணினியில் ஏற்போர் இக்கேள்வியை முதலிற் கேட்பது கடமை.