வியர்வையில் பழ வாசனை

தர்மபுரிப் பக்கம் பழ வாசனை வந்தால் மாம்பழச் சந்தை களைகட்டிவிட்டது என்று பொருள். ஆனால் சர்க்கரை நோயாளி வேகநடை போகும்போது மூச்சிலோ வியர்வையிலோ அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் நெடி வந்தால் சங்கதி வேறு. வியர்வைக்கு இயல்பில் பெரிதாக வாசனை கிடையாது; தோலிலுள்ள பாக்டீரியா அதைச் சிதைப்பதால்தான் நாற்றம். இந்தப் பழ நெடியோ உடலுக்குள்ளிருந்து வருவது. இன்சுலின் போதாமல் செல்களுக்குச் சர்க்கரை எட்டாதபோது உடல் கொழுப்பை எரிக்கிறது. அப்போது உண்டாகும் கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் மூச்சிலும், ஓரளவு வியர்வையிலும் வெளியேறுகிறது.

வெறும் வயிற்றில் ஓடினால் யாருக்கும் கீட்டோன் வருமே என்பீர்கள். வரும்; சாப்பிட்டதும் அடங்கிவிடும். முதல் வகை நோயாளிகளுக்குத்தானே இந்தச் சிக்கல் என்பதும் பாதி உண்மைதான். இரண்டாம் வகையில் இது குறைவு. ஆனால் கடும் தொற்று வந்தவருக்கோ, டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கோ வரலாம். அந்த மாத்திரையில் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் ஏறக்கூடும் என்பதுதான் வம்பு. குளுக்கோமீட்டர் எண்ணை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

வீடு தேடி மாத்திரை தரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் இந்த நெடியைப் பற்றிக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் நடையை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.