கால்பந்தா, கிரிக்கெட்டா? நம் பேட்டையின் நெடுநாள் வழக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் இலக்கியம் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நாம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டிக் காலங்கழிக்கும் நம்மை இவ்வாண்டு பேச அழைத்த செயலாளர் அவர்கள், "எதைப் பற்றியும் பேசுக, அரசியல் மட்டும் வேண்டா" என்று பணித்தார். அப்படியானால் விளையாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போகலாம் என்று துணிந்தோம். குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் இதுவும் அரசியலுக்குச் சற்றும் குறையாத வழக்கு என்பது விளங்கிற்று.

வழக்கு நம் வீட்டிலேயே நடக்கிறது. தொழிற்சாலையில் கடைசல் பிடித்து ஓய்வுபெற்ற தந்தையார்க்குக் கால்பந்தே ஆட்டம், மற்றவை பொழுதுபோக்கு. நம் மகனுக்கோ கிரிக்கெட்டைத் தவிர வேறு உலகமில்லை. இருவர்க்கும் நடுவே தொலைக்காட்சிப் பெட்டியின் விசையை வைத்துக்கொண்டு நாம் நிற்கிறோம். ஒரே வீட்டில், ஒரே சோற்றை உண்டு வளர்ந்தவர்கள் இப்படி வேறுபடுவது ஏன் என்று எண்ணிப் பார்த்ததன் பயனே இவ்வுரை.

ஆட்டத்தின் சுவையே காரணம் என்பார் உளர். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் மறு பந்துக்கும் இடையே பேசலாம், வாதாடலாம், காப்பி அருந்தலாம். கால்பந்தில் கண்ணை எடுத்தால் கோல் போய்விடும். அவரவர் இயல்புக்கு ஏற்றதை அவரவர் விரும்புகிறார்கள் என்பது அவர்கள் கட்சி. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கோல்கத்தாவின் வங்காளிகளைவிடப் பேச்சில் வல்லவர் யார்? அவர்களன்றோ கால்பந்துக்காக ஊரையே இரண்டாக்கி, மோகன் பகான் என்றும் ஈஸ்ட் பெங்கால் என்றும் பிரிந்து நிற்கிறார்கள்! ஆகையால் இயல்பு மட்டும் விடையாகாது.

நம் பேட்டையின் கதையைப் பார்ப்போம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பட்டாளம் இங்கே பாளயமிறங்கிற்று. அதனால்தான் கன்டோன்மென்ட் நிலையத்துக்குத் 'தண்டு' என்னும் பெயர் இன்றளவும் கன்னடத்தில் வழங்குகிறது. பட்டாளத்தோடும், பட்டாளத்தை நம்பியும் வந்தவர்களுள் தமிழர் மிகப் பலர். அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் என்று அவர்கள் குடியேறிய இடங்களெல்லாம் பட்டாளத்து மைதானங்களின் அருகே அமைந்தவை. மாலையில் சோல்ஜர்கள் பந்தாடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள், மறுநாள் துணிப்பந்தைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இருபத்திரண்டு பேருக்கு ஒரு பந்து போதும். காலில் ஜோடு வேண்டா. எட்டு மணி நேரம் உழைத்து வந்தவன் ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் பார்த்து, இருட்டுமுன் வீடு திரும்பலாம். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், கையுறை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முழுப் பகல் வேண்டும். அந்தப் பகல் யாரிடம் இருந்தது? பசவனகுடி, மல்லேசுவரம் பக்கத்துக் கல்லூரி மாணவரிடமும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளிடமும் இருந்தது. சென்ட்ரல் கல்லூரி மைதானத்தில் கிரிக்கெட் தழைத்ததும், தண்டில் கால்பந்து தழைத்ததும் இவ்வாறே. நகரும் தண்டும் 1949-இல்தான் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன என்பதையும் நினைவிற் கொள்க.

தமிழனுக்குக் கால்பந்து, கன்னடியனுக்குக் கிரிக்கெட் என்று சிலர் சொல்வதுண்டு. நாம் அதை ஒப்புவதில்லை. 1937-இலும் 1938-இலும் பம்பாய்க்குச் சென்று ரோவர்ஸ் கோப்பையை வென்று வந்தது பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் அணி. வெள்ளைப் பட்டாள அணிகள் ஆண்டுவந்த அக்கோப்பையை நம் ஊர்ப் பிள்ளைகள் கொண்டுவந்தபோது, வீட்டில் பேசும் மொழி எதுவென்று யார் கேட்டார்கள்? வேறுபாடு மொழியில் இல்லை. ஓய்வு நேரத்தில் இருந்தது, மைதானத்தின் தொலைவில் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதையே முதன்மையென நாம் கருதுகிறோம். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா ஆடியது. நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினர். 2-1 என்று தோற்றோம். ஆயினும் இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த முதல் கோலை அன்று அடித்தவர், மைசூர் அணியின் சாரங்கபாணி இராமன். அதே அணியில் பெங்களூர் அகமது கான் இருந்தார், தன்ராஜ் இருந்தார். இவ்விருவரும் பின்னர் கோல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலின் 'பஞ்ச பாண்டவர்' ஐவருள் இருவராகப் புகழ் பெற்றனர். 1952-இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா நமக்குப் பத்துக் கோல் போட்டது. நாம் திருப்பிப் போட்ட ஒரே கோல் அகமது கானுடையது. தோல்வியைப் பற்றி நம் பாட்டனார் ஒருநாளும் பேசியதில்லை. அந்த ஒரு கோலைப் பற்றி மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். அகமது கான் 2017-இல் மறைந்தார்.

இராமனும் தன்ராஜும் அகமது கானும் மைசூர் என்னும் பெயரைத் தாங்கி ஆடினார்கள். வந்தேறி என்று எவரும் சொல்லக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகள், மைசூருக்காகப் பந்தை உதைத்து மைசூர்க்காரர் ஆனார்கள். மைசூர் அணி சந்தோஷ் கோப்பையை நான்கு முறை வென்றது. 1968-69-இல் கடைசி முறை அக்கோப்பை வந்தபோது தெருவே திரண்டிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. இந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்று உரக்கச் சொல்ல, அந்நாளில் வேறெந்த மேடை நமக்கு இருந்தது?

அதனோடு பிழைப்பும் சேர்ந்துகொண்டது. தொலைபேசித் தொழிற்சாலை, விமானத் தொழிற்சாலை, இரயில்வே என்று பொதுத்துறை நிறுவனங்களெல்லாம் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. நன்றாகப் பந்தாடும் பையனுக்கு மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் கிடைக்கக்கூடும் என்றால், எந்தத் தாய்தான் 'படிக்காமல் ஆடுகிறானே' என்று அடிப்பாள்? 1977-இல் முதன்முதலாக நடந்த ஃபெடரேஷன் கோப்பையில், தொலைபேசித் தொழிற்சாலையின் ஐ.டி.ஐ. அணி இறுதியாட்டத்தில் மோகன் பகானையே வீழ்த்தியது. அதே ஆண்டில்தான் மோகன் பகான், பேலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் 2-2 என்று சமன் செய்தது. பேலேவை நிறுத்திய அணியை நம் ஊர்த் தொழிலாளர் தோற்கடித்தனர் என்று தந்தையார் கணக்குப் போடுவார். ஆட்டங்களின் முன்பின் வரிசையை நாம் கேட்டால் அவருக்குக் கோபம் வரும், கேட்பதில்லை. கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர் சிலைகளோடு பேலேவுக்கும் சிலை வைத்திருக்கும் மக்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

பிறகு என்ன நேர்ந்தது? கிரிக்கெட் கால்பந்தைக் கொன்றுவிட்டது என்பர். நாம் அப்படிச் சொல்வதற்கில்லை. 1974-இல் கர்நாடகம், பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றுவந்த பம்பாயை இறக்கிவிட்டு ரஞ்சிக் கோப்பையை எடுத்தது. பிரசன்னா, சந்திரசேகர், விசுவநாத் என்னும் பெயர்கள் தண்டுப் பக்கமும் பரவின. அவ்வாண்டு நவம்பரில் இங்கே முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. 1983-இல் உலகக் கோப்பை வந்தது. அத்தொடரில் மிகுதியான விக்கெட்டுகளை, பதினெட்டு விக்கெட்டுகளை எடுத்தவர் நம் ஊர் ரோஜர் பின்னி. அதே காலத்தில் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது. ஒவ்வோர் ஓவர் முடிந்ததும் விளம்பரம் காட்டலாம். நாற்பத்தைந்து நிமிடம் நில்லாது ஓடும் பந்தை நடுவில் நிறுத்தி எவரும் சோப்பு விற்க இயலாது. வணிகர் கிரிக்கெட்டைத் தேர்ந்ததில் வியப்பென்ன? பொதுத்துறை நிறுவனங்களோ ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுப்பதைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டன. பந்தாடினால் சம்பளம் என்னும் வழி அடைபட்டதும் தாய்மார்களின் மனமும் மாறிற்று. மாறாமல் என்ன செய்யும்?

நாமே சாட்சி. 1996 மார்ச் 9 அன்று சின்னசாமி அரங்கில் பாகிஸ்தானுடன் கால் இறுதிப் பந்தயம். அண்டை வீட்டுப் பெட்டியின் முன் முப்பது பேர் நெருக்கியடித்திருந்தோம். அமீர் சோகைல் நான்கு ஓட்டம் அடித்துவிட்டு, மட்டையால் எல்லையைச் சுட்டிக் காட்டியதும், அடுத்த பந்திலேயே நம் வெங்கடேஷ் பிரசாத் அவரது குச்சியைப் பெயர்த்ததும், அங்கிருந்த பாட்டிமாரும் எழுந்து குதித்தனர். தந்தையார் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அன்றிரவு அவருக்கு நாம் அந்நியராகிவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும். இப்போது நம் மகன் நமக்கு அவ்வாறே தோன்றுகிறான்.

நம் காலனியில் கேட்காமல் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. சென்னையும் பெங்களூரும் ஐ.பி.எல். பந்தயத்தில் மோதும்போது நீ யார் பக்கம்? பெரியவர் பலர் சென்னைப் பக்கம்; மஞ்சள் சட்டை ஊரிலிருந்து மாமா அனுப்புவார். பிள்ளைகளோ சிவப்புச் சட்டை. ஒருநாள் நம் மகனை அழைத்து, "ஏனப்பா, நாம் தமிழர் அல்லவா?" என்றோம். "ஆமாம் அப்பா. ஆனால் நான் பிறந்தது இங்கேதானே?" என்றான். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. காவிரி நீரின் பொருட்டு 1991-இலும் 2016-இலும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாட்களை அவனுக்கு நாம் விரித்துச் சொன்னதில்லை. இங்கும் விரிக்கவில்லை, செயலாளர் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. ஆனால் பள்ளித் தோழரோடு தோள்சேர்த்து, 'இந்த ஆண்டு கோப்பை நமதே' என்று அவன் கன்னடத்தில் கூவும்போது, அந்த 'நமது' என்னும் சொல்லுக்குள் அவனும் அடங்குகிறான். பாட்டனார் காலத்தில் இராமனின் கோல் செய்த வேலையை இன்று விராட் கோலியின் மட்டை செய்கிறது. பதினேழு பருவங்கள் கோப்பையின்றி நின்ற அணியை விட்டு இரசிகர் நீங்காமைக்கு வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு செய்தி. 2023 மார்ச் 4 அன்று, சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், கர்நாடகம் மேகாலயத்தை 3-2 என்று வென்று சந்தோஷ் கோப்பையை மீண்டும் கைப்பற்றியது. ஐம்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு! மறுநாள் அலுவலகத்தில் பன்னிருவரைக் கேட்டோம். இருவர்க்கே தெரிந்திருந்தது. தந்தையாரிடம் சொன்னபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். 2018-இல் சுநில் சேத்ரி, 'எங்களைத் திட்டுவதற்காகவாவது அரங்குக்கு வாருங்கள்' என்னும் பொருள்பட நாட்டு மக்களை வேண்டியதும், அடுத்த பந்தயத்துக்கு மும்பை அரங்கு நிரம்பியதும் பலர்க்கு நினைவிருக்கலாம். 2013-இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி. முதற்பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் பெற்றது. கண்டீரவா அரங்கின் மேற்குப் பகுதியில் நின்றுகொண்டே பாடும் இளைஞர் கூட்டமும் அதற்கு உண்டு. கால்பந்து சாகவில்லை. ஆடுவோர் வீடும் பார்ப்போர் வீடும் ஒரே தெருவில் இருந்த நிலைதான் போயிற்று.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கடினமானது. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாதில் பஞ்சாபை ஆறு ஓட்டத்தில் வென்று பெங்களூர் அணி முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. மறுநாள் சின்னசாமி அரங்கின் வாயில்களில் நெரிசலில் பதினொருவர் உயிர் துறந்தனர். பெரும்பாலோர் இளையோர், அணியைப் பார்க்க வந்ததன்றி வேறு குற்றம் அறியாதவர். அன்று பிற்பகல் நம் மகன், தோழர் மூவரோடு, நம்மிடம் சொல்லாமல் அங்கே போயிருந்தான். செய்தி வந்தபோது நாம் அலுவலகத்தில் இருந்தோம். கைபேசி எடுக்கப்படவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தால், முழங்கால் வலியால் படியிறங்காத தந்தையார் தெருமுனையில், விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். எத்தனை நேரமாக என்று தெரியாது. இரவு எட்டரை மணிக்கு மகன் நடந்தே வந்து சேர்ந்தான். கூட்டத்தைக் கண்டு அரங்கின் வாயிலை அணுகாமலே திரும்பிவிட்டானாம், வண்டி கிடைக்கவில்லையாம். நாம் கை ஓங்கினோம். தந்தையார் இடையே வந்து நின்றார். "1968-இல் பந்தாட்டம் பார்க்க நானும் வீட்டில் சொல்லாமல் போனவன்தானடா" என்றார்.

ஒரு வாரம் வீட்டில் எவரும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. பெட்டியும் அணைந்தே கிடந்தது. பிறகு ஒருநாள் காலை, காப்பி ஆற்றிக்கொண்டே தந்தையார், "அந்தக் கடைசி ஓவரை யார் போட்டான்?" என்று பேரனைக் கேட்டார். "ஹேசில்வுட், தாத்தா" என்று தொடங்கிய பையன், ஒவ்வொரு பந்தாகச் சொன்னான். அவரும் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "சரி, ஞாயிற்றுக்கிழமை அசோக் நகர் ஸ்டேடியத்தில் லீக் பந்தயம் இருக்கிறது, என்னைக் கைபிடித்து அழைத்துப் போகிறாயா?" என்றார். போனார்கள். ஆட்டம் எப்படி என்று மகனைக் கேட்டோம். "பரவாயில்லை அப்பா. ஆனால் தாத்தாதான் நடுவரை மிகவும் திட்டுகிறார்" என்றான்.