இடியப்ப உரலில் தொடங்கும் முப்பரிமாணப் பாடம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியர் குழுவொன்றின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)





நூற்றாண்டு விழாவில் பழைய நாட்களைப் பற்றிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு முன்னால் இருப்பதைப் பற்றியது: கைத்தொழில் வடிவமைப்புக்கான முப்பரிமாணக் கணினி வரைவின் அடிப்படைகள். எங்கள் குழுவில் ஆசிரியைகளும் இருக்கிறோம், பொறியியலும் தொழினுட்பமும் படித்தவர்களும் இருக்கிறோம், உயர்தரத்தோடு படிப்பு நின்றுபோய் வீட்டிலிருந்தபடியே இதைக் கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து எழுதியதே இவ்வுரை.

தலைப்பைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கணினியில் உருவாக்கி, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, பிழை இருந்தால் அங்கேயே திருத்துவதுதான் இந்த வேலை. மருதமுனையில் தறியில் இருப்பவர் எத்தனை இழைக்கு எந்த நிறம் என்று பாவு ஓடுமுன்பே முடிவு செய்கிறார். பன்பாய் இழைக்கும் நம் மூத்தம்மாமார் ஓரத்தில் வரவேண்டிய கோலத்தை முதல் இழையிலேயே கணக்கு வைக்கிறார்கள். செய்யுமுன் காணும் அந்தக் கண் நமக்குப் புதிதல்ல. கருவிதான் புதிது.

கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1963 இல் ஐவன் சதர்லண்ட் என்ற ஆய்வு மாணவர், திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையும் ‘ஸ்கெச்பாட்’ என்ற முறையை அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் செய்து காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சில் றெனோ கார் நிறுவனத்தின் பொறியியலாளர் பியர் பெசியர், காரின் உடல் வளைவுகளைக் கணிதமாக எழுதும் முறையை வளர்த்தெடுத்தார். இன்று நாம் வரையும் வளைவுகள் பல அவர் பெயரையே தாங்குகின்றன. 1975 இல் யூற்றா பல்கலைக்கழகத்தில் மாட்டின் நியூவெல் என்பவருக்குக் கணினியில் உருவாக்கிப் பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டது. வீட்டில் தேநீர் அருந்தும்போது, மேசையில் இருந்த தேநீர்க் கேத்தலையே வரையுங்கள் என்று வழி சொன்னவர் அவருடைய மனைவி சாண்ட்ரா. உலகம் முழுவதும் கணினி வரைகலை மாணவர்களுக்கு அறிமுகமான ‘யூற்றா கேத்தல்’ அதுதான்.

அந்தக் கேத்தலைப் போல நாங்களும் ஒரு சமையலறைப் பொருளையே எடுத்துக்கொண்டோம். அது இடியப்ப உரல். நம் ஊர்களில் விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த உம்மாமார் எத்தனை பேர்! அவர்களில் பலருக்கு மணிக்கட்டு வலி. அதை வயதின் நோய் என்று நாம் விட்டுவிடுகிறோம். ஒரு பங்கு உரலின் வடிவத்திலும் இருக்கக்கூடும் அல்லவா? கைத்தொழில் வடிவமைப்பு கேட்கும் கேள்வியே இதுதான். பொருள் அழகாக இருக்கிறதா என்பதற்கு முன், அதைப் பிடிக்கும் கை என்ன சொல்கிறது என்று அது கேட்கிறது.

முதல் பாடத்துக்குக் கணினி தேவையில்லை. ஓர் உரல், வேணியர் இடுக்கி, அடிமட்டம், கோட்டுத்தாள், பென்சில் போதும். உரலின் உள்விட்டம், வெளிவிட்டம், ஆழம், கைப்பிடியின் தடிப்பு, அச்சுத் தட்டின் துளை அளவு எல்லாவற்றையும் மில்லிமீற்றரில் எழுதுகிறோம். பிறகு மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று தோற்றங்களை வரைகிறோம். இதைத் தவிர்த்துவிட்டு நேரே திரைக்குப் போகிற பிள்ளை அழகான படம் செய்வாள். அந்தப் படத்தை வைத்துப் பொருள் செய்ய முடியாது.

இரண்டாவது பாடம் திரையில். உரலை நடுவால் வெட்டினால் தெரியும் பக்கத்தின் பாதியை மட்டும் கோடுகளாக வரைந்து, நடு அச்சைச் சுற்றிச் சுழற்றச் சொன்னால் உருளை வந்துவிடும். கைப்பிடிக்கு ஒரு நீள்சதுரத்தை வரைந்து அதை வெளியே இழுத்தால் திண்மமாகும். கையை உறுத்தும் விளிம்புகளை ஆரை கொடுத்து உருட்டலாம். அச்சுத் தட்டில் ஒரேயொரு துளை போட்டு, அதை வட்டமாகப் பிரதிசெய்யச் சொன்னால் மற்றத் துளைகள் தாமாக வந்து நிற்கும். வரைதல், சுழற்றுதல், இழுத்தல், வெட்டுதல், உருட்டுதல், பிரதிசெய்தல் ஆகிய ஆறும் கைவந்தால் வீட்டிலுள்ள பொருள்களில் பெரும்பாலானவற்றை உருவாக்கலாம்.

மூன்றாவது பாடந்தான் உயிரானது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் கொடுத்து, ஒன்றோடொன்று தொடுத்து வைக்க வேண்டும். அப்போது உள்விட்டத்தை 60 இலிருந்து 50 மில்லிமீற்றர் ஆக்கினால், உள்ளே இறங்கும் கட்டையும் அச்சுத் தட்டும் சேர்ந்து மாறும். ஏன் மாற்ற வேண்டும்? மாவைத் தள்ளத் தேவையான அழுத்தம் ஒன்றே என்றால், கை கொடுக்க வேண்டிய விசை உரலின் வட்டப் பரப்பளவோடு கூடும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. 36 ஐயும் 25 ஐயும் ஒப்பிடுங்கள்: 60 மில்லிமீற்றர் உரலுக்கு 44 சதவீதம் கூடுதலான விசை வேண்டும். ஆனால் சிறிய உரலில், ஆழம் மாறாவிட்டால், மாவும் அதற்கேற்பக் குறைவாகவே பிடிக்கும். அடிக்கடி நிரப்ப வேண்டும். ஆக, வலியைக் குறைப்பதா, நேரத்தைக் குறைப்பதா? இதற்குக் கணினி விடை சொல்லாது. இடியப்பம் பிழியும் உம்மாவிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.

இடைவெளி என்று இன்னொன்று உண்டு. 50 மில்லிமீற்றர் குழிக்குள் 50 மில்லிமீற்றர் கட்டை இறங்காது. ஒரு மயிரிழை விடவேண்டும். கூட விட்டால் மாவு மேலே பிதுங்கும். திரையில் எல்லாம் பொருந்தும். கையில் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

அதற்குத்தான் முப்பரிமாண அச்சுப்பொறி. உருக்கிய பிளாஸ்ரிக் இழையைப் படைபடையாக அடுக்கும் முறைக்கு 1989 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஸ்கொட் கிரம்ப். தன் சிறு மகளுக்கு விளையாட்டுத் தவளை செய்ய, பசைத் துப்பாக்கியால் படைபடையாக அடுக்கிப் பார்த்ததில் பிறந்த எண்ணம் அது. ஒரு படை 0.2 மில்லிமீற்றர் என்றால், 40 மில்லிமீற்றர் உயரக் கைப்பிடிக்கு 200 படைகள். ஒன்று மட்டும் கவனம்: அச்சில் வந்த உரலில் மாவு பிழியக் கூடாது. படைகளுக்கிடையில் மாவு தங்கும், கழுவினாலும் போகாது. பிஎல்ஏ என்னும் வழக்கமான இழை ஏறக்குறைய 60 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். அது பிடித்துப் பார்ப்பதற்கான மாதிரி மட்டுமே. பாவிக்கும் உரலை மரத்திலோ உலோகத்திலோ தச்சரும் பட்டறைக்காரரும் செய்வார்கள். அவர்களுக்கு அளவு தவறாத வரைபடம் கொடுப்பதே நம் வேலை.

மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. அளவோடு செய்ய பிரீகாட், உருவங்களைச் செதுக்க பிளெண்டர், இரண்டும் இலவசம். பிளெண்டரின் வரலாறு இந்தச் சங்கத்துக்குப் பொருத்தமானது. அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, பாவித்தவர்களும் ஆதரவாளர்களும் 2002 இல் சில வாரங்களில் 1 இலட்சம் யூரோ சேர்த்து, அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள்.

படிக்கும் வழிகளும் அருகிலேயே உள்ளன. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. 1996 இல் பல்கலைக்கழகமான நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், இதோ ஒலுவிலில், பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் இருக்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் நாங்கள் கூடுதலாக நினைப்பது பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி. ஓரிரு புள்ளிகளால் வாய்ப்பு நழுவி, பெறுபேற்றுத் தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் தையலோடும் சமையலோடும் நின்றுபோன தங்கச்சிமார் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். சட்டைக்கு வெட்டும் பிள்ளைக்குத் தட்டையான துணி உடம்பின் வளைவாக மாறுவது தெரியும். முப்பரிமாணத்தில் அவள் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டாள்.

இதைக் கற்றால் உடனே சம்பளம் வரும் என்று நாங்கள் வாக்குத் தரமாட்டோம். மாதக்கணக்கான பயிற்சி வேண்டும், வேலை தேடவும் வேண்டும். எங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஒரு பொருளைக் குறைசொல்வதோடு நிற்காமல், அதை எப்படி மாற்றலாம் என்று அளவோடு காட்டத் தெரிந்தவள் எங்கே போனாலும் மதிக்கப்படுவாள்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. கல்லிலும் சீமெந்திலும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்பவர்களின் ஆசையை நாங்கள் மதிக்கிறோம். அதில் ஒரு பங்கை மட்டும் ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு ஒதுக்குங்கள். படிக்கும் மாணவியரும் படிப்பு நின்றவர்களும் ஒரே வாங்கில் இருக்கட்டும். முதலில் அளக்கும் கருவிகளும் சில மடிகணினிகளும் போதும். பிள்ளைகள் வரையப் பழகிய பிறகு அச்சுப்பொறி வாங்கலாம். கொழும்பிலும் வளைகுடாவிலும் இலண்டனிலும் இருக்கும் ராத்தாமார், நீங்கள் மாற்றிவிட்டு மூலையில் வைத்திருக்கும் மடிகணினியை அனுப்புங்கள். தொழில் தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு மணித்தியாலம் இணையவழி வந்து படிப்பியுங்கள். சனிக்கிழமைகளில் வந்து நிற்க நாங்கள் தயார். வகுப்பறைத் திறப்பு அதிபர் அவர்களிடம் இருக்கிறது, நிதி உங்களிடம் இருக்கிறது.