கைப்பழக்கமும் புதிய கணினியும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேசத் தகுதியுள்ள பெரியவர்கள் பலர் இந்த மேடையில் இருக்கிறார்கள். நான் கணினிப் பட்டதாரி அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்கு வந்தவன். ஆகவே எனக்குத் தரப்பட்ட பத்து நிமிடத்தில், உங்கள் வீட்டு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பழைய கணினியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்றதும், சுங்கை பெசாரிலும் தஞ்சோங் காராங்கிலும் சபாக் பெர்ணத்திலும் எத்தனையோ பெற்றோர் கடன்பட்டுப் பழைய கணினி வாங்கினார்கள். சிலருக்கு நல்லவர்கள் தானமாகவும் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலும் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதற்காக மறுநாளே கணினி நின்றுவிடவில்லை. ஆனால் வேலி பழுதானால் வந்து கட்டிக் கொடுக்க இனி ஆள் இல்லை; மேலும் சிறிது காலம் வேண்டுவோர் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும், அதுவும் ஒரு தவணைதான். விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய சில்லும் வேண்டும். நம் வீட்டுக் கணினிகள் பலவற்றில் அவை இல்லை.

கடைக்காரரிடம் போனால், "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறார். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் அரிசி, மின்கட்டணம், பள்ளிப் பேருந்து எல்லாம் போகப் புதுக் கணினிக்கு எங்கே போவது? நல்ல நிலையில் உள்ள ஒரு பொருளை, காவலாளி போய்விட்டான் என்பதற்காகக் குப்பையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கு வேறொரு வழி உண்டு. கணினியைத் திறந்ததும் முதலில் எழுந்து, விடியற்காலைப் பெரட்டில் கங்காணி வேலை பிரித்துக் கொடுப்பதைப்போல எல்லா நிரல்களுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிற ஒன்று இருக்கிறது. அதைத்தான் இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் ஒரு கங்காணி. லினக்ஸ் இன்னொரு கங்காணி. இதன் அடிப்படையை 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினுஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். காசு கொடுக்க வேண்டாம். 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியிலும் ஓரளவு நன்றாகவே ஓடும்.

"இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லாரும் மாறவில்லை, சார்?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. நான் இங்கே பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

நம் தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உளி பிடித்துப் பட்டையில் காயம் படாமல் மரம் சீவிய கைகளிலே, நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக் கொடுத்து, "மேலே பார்த்துக் குலையை வெட்டு" என்றார்கள். முப்பது வருசம் மரம் வெட்டியவர் ஒரே நாளில் கத்துக்குட்டி ஆகிவிட்டார். அவருக்கு அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. அவருடைய கை வேறொன்றுக்குப் பழகியிருந்தது. புதிதாக வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. பழைய பழக்கத்தைக் கையிலே சுமந்துகொண்டுதான் வருகிறார். அந்தக் கையை மதிக்கிற கணினி நல்ல கணினி.

எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார், லாரி ஓட்டுபவர். யாரோ அவர் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்க மூலையில் இருந்த பொத்தான் இல்லை. மூடுகிற பெருக்கல் குறி வலப்பக்கம் இருக்கும், அதுவும் இல்லை. "சி டிரைவ்" எங்கே என்று தேடினார், அப்படி ஒன்றே இல்லை. பத்து நிமிடம் பார்த்தார். மறுநாள் என்னிடம், "நமக்கெல்லாம் இது ஒத்து வராது சார், படிச்சவங்களுக்குத்தான்" என்றார். இரவில் கோலாலம்பூர்வரை லாரி ஓட்டி, எந்தச் சந்தியில் எப்படித் திரும்புவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர். அந்த மனிதரைப் பத்து நிமிடத்தில் "நான் படிக்காதவன்" என்று சொல்ல வைத்துவிட்டதே, அந்தக் கணினியின் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் இடறியிருக்கின்றன. 2012இல் வந்த விண்டோஸ் 8இல், மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். உலகமே முணுமுணுத்தது. 2013இல் 8.1 வெளியிட்டபோது பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். லினக்ஸ் வகைகளில் புகழ்பெற்ற உபுண்டு, 2010இல் சன்னலை மூடும் பொத்தான்களை வலமிருந்து இடத்திற்கு மாற்றியது. 2011இல் முகப்பையே புதிதாக்கியது. அந்தச் சமயத்தில் பழைய அமைப்பை விடாமல் பிடித்துக்கொண்டது லினக்ஸ் மின்ட். மின்ட் என்றால் நம்ம புதினாதான்! 2006இல் தொடங்கிய இது, பட்டியல் பொத்தானைக் கீழே இடப்பக்க மூலையிலேயே வைத்திருக்கிறது. முதல் நாள் ஒரு வரவேற்புச் சன்னல் திறந்து, எதை முதலில் செய்யலாம் என்று வழிகாட்டுகிறது. புதிய நிரல் வேண்டுமானால் கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டாம், கடையில் பொருள் எடுப்பதுபோலப் பட்டியலில் பார்த்து எடுக்கலாம். ஏதாவது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்ப "டைம்ஷிப்ட்" என்றொரு நிரலும் உண்டு; ஆனால் அதை நாம்தான் முன்கூட்டியே முடுக்கி வைக்க வேண்டும். பயந்து பயந்து தொடுகிறவருக்கு, "கெடுத்தாலும் சரிசெய்யலாம்" என்பதைவிட ஆறுதலான சொல் கிடையாது.

இனி மொழிக்கு வருவோம். லினக்ஸின் சொற்களைத் தமிழாக்கப் பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் உழைத்திருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனாலும் வேலை முடியவில்லை. தமிழுக்கு நடுவே ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது. "சேமி" என்றால் உண்டியலில் காசு போடுகிற பிள்ளைக்கு உடனே புரிகிறது. "அடைவு" என்றால் என் வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை. சரி, மலாயில் வைத்துக் கொடுத்தேன். மலாயில் கோப்புக்கு எழுத்து எஃப், ஏ, ஐ, எல். ஒரு பையன் அதை ஆங்கிலமாகப் படித்துவிட்டு, "பெயில்னு போட்டிருக்கு சார், நான் இன்னும் ஒண்ணுமே செய்யலையே!" என்று முகம் வாடிப் போனான். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சத்தோடு வருகிறவர் கண்ணுக்கு ஒவ்வொரு சொல்லும் எச்சரிக்கையாகத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

தமிழ்த் தட்டச்சில் இந்தப் பாடத்தை நம் நாட்டவர் ஒருவரே எப்போதோ செய்து காட்டிவிட்டார். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியத் தமிழர் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 என்ற விசைப்பலகை தரமாக்கப்பட்டது. நல்ல அமைப்புதான். ஆனால் தட்டச்சுப் பொறியில் இருபது ஆண்டு பழகியவர் என்ன செய்வார்? ஆங்கில எழுத்தால் ஒலிப்பைத் தட்டிப் பழகியவர் என்ன செய்வார்? முரசு அஞ்சல் "இதுதான் சரி, இதையே கற்றுக்கொள்" என்று அதட்டவில்லை. அவரவர் கைக்கு ஏற்ற விசைமுறையைத் தேர்ந்துகொள்ள இடம் கொடுத்தது. லினக்ஸிலும் தமிழ் 99, தட்டச்சுப் பொறி முறை, ஒலிப்பு முறை எல்லாமே உண்டு. குறை என்னவென்றால், அவற்றைச் சேர்க்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவே புதியவருக்கு ஒரு பொழுது ஆகிவிடும். முதல் நாள் வரவேற்புச் சன்னலிலேயே "தமிழில் தட்டச்சு செய்ய வேண்டுமா?" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. யுனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் நீங்கள் அடித்து வைத்த வினாத்தாள்களை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புழு நெளிவதுபோல ஏதோ தெரியும். அது லினக்ஸின் குற்றமன்று. முதலிலேயே யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். லிபர் ஆபிஸில் சேமிக்கும்போது வேர்டு வடிவத்தைத் தேர்ந்துகொண்டால் மற்றவர்களாலும் திறக்க முடியும். இரண்டு பக்கத் தாள் மூன்று பக்கமாக வழிந்தால் எழுத்துருவைப் பாருங்கள். கலிப்ரிக்குப் பதில் அதே அகலமுள்ள கார்லிட்டோ இருக்கிறது.

ஊர் முழுக்க மாறிய கதைகளும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான எல்காட், உமாசங்கர் அவர்களின் பொறுப்பில் 2007இல் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அண்டை மாநிலமான கேரளம், 2001இல் தொடங்கிய பள்ளித் திட்டத்தின்வழி படிப்படியாக மாறி, இன்றும் பள்ளிகளில் லினக்ஸை வைத்திருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் மாற முடிவெடுத்து, பல ஆயிரம் கணினிகளை மாற்றிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதாக வாக்களித்தது. அதற்கு அரசியல் உட்படப் பல காரணம் சொல்வார்கள். கேரளத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: பாடம் சொல்லித் தரும் ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பிக்கச் செய்தார்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்குத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது.

மாணவர்களே, அந்தத் தெரிந்த முகம் உங்கள் வீட்டில் நீங்கள்தான். தாத்தாவோ அம்மாவோ கணினி முன் உட்கார்ந்தால், தயவுசெய்து அவர்கள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காதீர்கள்! "இதுகூடத் தெரியலையா" என்று படபடவென்று நீங்களே அழுத்திக் காட்டினால் அவர்கள் கைக்கு ஒன்றும் ஏறாது. உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள். நேரமாகும், ஆகட்டும்.

எல்லாரும் மாறியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு நிரலை நம்பித் தொழில் செய்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் டெலிமா தளத்திற்கு உலாவி ஒன்று இருந்தால் போதும், அது லினக்ஸில் தாராளமாக இருக்கிறது. கணினியில் எதையும் அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கவும் முடியும். பிடிக்கவில்லையா, பென்டிரைவை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி திறந்தால் பழையபடியே இருக்கும்.

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மூன்றாம் ஆண்டு வகுப்பறையில் இருப்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு வரலாம். கல்யாணப் படம், பிள்ளைகளின் படம் எல்லாவற்றையும் வேறொன்றில் நகல் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். மின்கம்பியை மறக்காதீர்கள், போன முறை மூன்று பேர் மறந்துவிட்டு வந்தார்கள். அந்த லாரிக்காரத் தகப்பனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.