சிவிங்கியும் இரலையும்



தான்சானியாவில் 1951ஆம் ஆண்டு நிறுவப்பட்ட செரெங்கெட்டி தேசியப் பூங்காவைக் காண உலகெங்கணுமிருந்தும் மக்கள் செல்கின்றனர். நிலம் முடிவின்றி நீளும் இடம் என்பது, மாசாய் மொழியிலிருந்து வந்த அப்பெயரின் பொருள். அங்குப் பெரிதும் காணப்படுவது அடர்கானகம் அன்று, திறந்த புல்வெளி. அதுவே இலட்சக்கணக்கான விலங்குகளையும், அவற்றை உண்டு வாழும் அரிமா, சிவிங்கி முதலியவற்றையும் காக்கின்றது.

சிவிங்கி இந்தியாவிற்குப் புதியதன்று. முகலாய மன்னர் அதனைப் பழக்கி இரலைகளை வேட்டையாடினர். வேட்டையாலும் வெளிநிலம் சுருங்கியதாலும் அழிந்த அவ்விலங்கு, இந்நாட்டில் அற்றுப்போயிற்றென 1952இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோ தேசியப் பூங்காவிற்கு வானூர்தியில் கொணரப்பட்டன. இழந்ததை மீட்கக் கடல் கடக்க நேர்ந்தது.

சிவிங்கி துரத்திய இரலையோ இம்மாவட்டத்திலேயே உள்ளது. திருநெல்வேலி - தூத்துக்குடி நெடுஞ்சாலையை ஒட்டிய வல்லநாட்டில், 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1987இல் அதற்கெனச் சரணாலயம் அமைக்கப்பட்டது. வெளிமான் எனப்படும் அவ்விலங்கு இந்தியாவில் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுவே.

சங்கப் புலவர் இரலையை முல்லைத் திணையில் வைத்தனர். அதன் முறுக்குண்ட கொம்பையும், கார்காலத்தில் பிணையோடு மகிழ்ந்திருக்கும் நிலையையும் கண்டு பாடினர். அவர் திணையாகக் கண்ட வெளியைப் பிற்காலம் ‘தரிசு’ என்றது. சொல் மாறியதும் நோக்கும் மாறிற்று. பயனற்ற நிலம் எனக் கருதி அங்கு மரங்களை நெருக்கி நட்டாலும், சீமைக்கருவேலம் மண்டினாலும் வெளி மூடிவிடும். தொலைவில் பகையைக் கண்டு ஓடித் தப்பும் இரலைக்கு வெளியே அரண். எவ்விடத்தும் மரம் நடுதல் அறமென்பது இங்குப் பொருந்தாது.

இவ்வுண்மை உடன்குடியார்க்கு எளிதில் விளங்கும். தேரியை வெறும் மணற்காடு என்பார் உளர். அத்தேரிப் பனையன்றோ கருப்பட்டியால் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது!

ஆகவே, அகநானூறு பயிலும் மாணாக்கரை, வனத்துறையின் இசைவுடன் ஒருநாளேனும் வல்லநாட்டிற்கு அழைத்துச் செல்லுதல் ஆசிரியர் கடன். பாட்டில் கேட்ட இரலையைக் கண்ணாற் கண்டவர், அது நிற்கும் நிலத்தைத் தரிசு என்னார்.